தடுப்புக்கு அந்தப் பக்கம்

அந்த ஓட்டலில் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாத இடம் கிடையாது. அடித்தளத்து மோட்டார் அறை, சலவைக்கூடம், சமையலறைக்குப் பின்னால் குப்பை இறங்கும் வழி, எல்லாம் அவருக்கு அத்துப்படி. பத்தாவது மாடியில் இருக்கும் ஸ்டேக் ஹவுஸ் என்ற இறைச்சி உணவகம் ஒன்றுதான் தெரியாது. அதன் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து எத்தனையோ முறை லிஃப்டுக்கு எண்ணெய் போட்டிருக்கிறார். அந்தப் பக்கம் போனதில்லை.

போகும்படி செய்தவர் ஓட்டலின் ஜெனரல் மேனேஜர். போன மாதம் அவர் ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மெக்கானிக் கதவை நெம்பித் திறந்து கைகொடுத்து மேலே தூக்கியதும், வியர்வையில் நனைந்த டையோடு அவரை அப்படியே கட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க."

"அந்தப் பழைய கேபிளை மாத்திடலாம் சார்."

கேபிள் மாறவில்லை. தங்க நிற உறைக்குள் ஓர் அழைப்பு அட்டை வந்தது. ஸ்டேக் ஹவுஸில் இருவருக்கு விருந்து.

இருவரில் இரண்டாவது ஆள் யார் என்பதில் மெக்கானிக்குக்குச் சந்தேகமே இல்லை. டிரைவிங் ஸ்கூல் டீச்சர்தான். டீச்சரின் ஸ்கூல் வேறொரு தெருவில், ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் இருக்கிறது. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் போல ஆரோக்கியமான லிஃப்ட் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஆனாலும் மெக்கானிக் வாரம் தவறாமல் வந்து அதற்கு நாடி பிடித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, நான்காவது மாடியில் ஒரு கப் டீ குடிப்பார். டீச்சர் பேசுவார், இவர் தலையாட்டுவார். இருவருக்கும் நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. இருவர் வீட்டிலும் கல்யாணத்துக்கு வற்புறுத்திக் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள், மெக்கானிக்கின் அக்காவைத் தவிர.

இப்படியே காலம் ஓடியிருக்கும். போன வாரம் டீச்சர் டீயை வைத்துவிட்டு, "வேற ஊர்ல புதுக் கிளை திறக்கறாங்க. என்னைப் போய் நடத்தச் சொல்றாங்க. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்" என்றார். மெக்கானிக்குக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பிடிப்பு விட்டுச் சரிந்தது. வாயைத் திறந்தார்.

"லிஃப்ட் கதவு சத்தம் போடுதா டீச்சர்?" என்று கேட்டார்.

இதைக் கேள்விப்பட்ட அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அரைவேக்காடு! நாளைக்கு வெள்ளிக்கிழமை. உன் கையில விருந்து அட்டை இருக்கு. அவளைக் கூட்டிட்டுப் போ. உக்காந்ததும், மேஜையில தண்ணி வெக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடு. அப்புறம் கேக்கலாம்னு விட்டே, சனிக்கிழமை அவ பெட்டியைக் கட்டிடுவா. நீ அந்த லிஃப்டைக் கட்டிக்கிட்டு அழ வேண்டியதுதான்."

வெள்ளிக்கிழமை மாலை. கண்ணாடிக் கதவருகே வரவேற்பாளர் டீச்சரோடு வந்த மெக்கானிக்கை மேலும் கீழும் பார்த்தார். கோட் இல்லாதவர்களுக்கு உள்ளே இடமில்லையாம். கவலைப்பட வேண்டாம், அலமாரியில் இரவல் கோட் இருக்கிறது என்றார். இருந்தது. அதை முதலில் தைத்துக்கொண்டவர் இரண்டு மெக்கானிக் அகலம் இருந்திருக்க வேண்டும். கைகள் இரண்டும் உள்ளே போய், திரும்பி வரவேயில்லை.

"இங்கே யாரும் சாப்பிட வர்றதில்லை மேடம்" என்றார் வரவேற்பாளர், நாற்காலியை இழுத்துவிட்டபடி. "அனுபவிக்க வர்றாங்க."

"எனக்குப் பசிக்குதே" என்றார் டீச்சர்.

"அதுவும் ஒரு அனுபவம்தான் மேடம்."

வரவேற்பாளர் நகர்ந்தார். மேஜையில் தண்ணீர் இல்லை. இதுதான் சமயம். மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டீச்சர், உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"வணக்கம். நான் உங்கள் தண்ணீர் ஆலோசகர்" என்றது ஒரு குரல். கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, கையில் தோல் அட்டை போட்ட புத்தகம். புத்தகம் முழுக்கத் தண்ணீர். "இது எரிமலைக்கு அடியில ஆயிரக்கணக்கான வருஷம் தூங்கின தண்ணி. இது பனிப்பாறைக்குள்ள தூங்கினது. இது கொஞ்சம் கோபக்காரத் தண்ணி, நாக்குல குத்தும்."

"தூங்கி எழுந்ததெல்லாம் வேணாம்" என்றார் டீச்சர். "குழாய்ல வர்ற தண்ணி இருக்கா?"

ஆலோசகர் புத்தகத்தை மூடினார். சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். குழாய்த் தண்ணீர் அவருடைய துறை அல்ல என்று சொல்லி, வேறு ஆளை அனுப்பினார்.

அடுத்து வந்தது கத்திப் பெட்டி. வெல்வெட் மெத்தையில் கத்திகள் வரிசையாகப் படுத்திருந்தன. தன் மனநிலைக்கு ஏற்ற கத்தியை விருந்தாளியே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். கொண்டுவந்தவர் ஒவ்வொன்றின் பிடியும் எந்த மரம், அந்த மரம் எந்த மழையில் விழுந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். டீச்சர் நடுவில் இருந்த ஒன்றை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தார். "இது வெட்டுமா?"

"வெட்டும் மேடம். ஆனா அது அதோட வேலை இல்லை."

மெக்கானிக் கோட்டுக் கைக்குள்ளிருந்து விரல் நுனிகளை மட்டும் வெளியே நீட்டி ஒரு கத்தியைப் பற்றினார். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் மெக்கானிக் மறுபடி, "டீச்சர், நாளைக்கு சனிக்கிழமை..." என்று ஆரம்பித்தார்.

பக்கத்து மேஜையில் ரகளை. பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு குடும்பத் தலைவர் எழுந்து நின்றிருந்தார். "என்னங்க இது, ஆறிப்போயிருக்கு!"

"ஆறலை சார்" என்றார் பரிமாறியவர் பணிவாக. "அமைதியா இருக்கார்."

"யார் அமைதியா இருக்கார்?"

பரிமாறியவர் தட்டில் இருந்த இறைச்சியை உள்ளங்கையால் சுட்டிக்காட்டினார். குடும்பத் தலைவர் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி, "நான் சாதாரண ஓட்டலுக்கே போலாம்னேன்" என்றாள். யாரும் கேட்காத மாதிரி சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது.

ஜன்னலோரம் வேறு கதை. முழுக்க நரைத்த ஒரு பெரியவர், கழுத்தில் துண்டு கட்டி, கண்ணை மூடி, மெதுவாக மென்றுகொண்டிருந்தார். கண்ணோரம் நீர் வழிந்தது.

"அவர் எங்க பழைய விருந்தாளி" என்று கத்திக்காரர் பயபக்தியோடு கிசுகிசுத்தார். "வாரா வாரம் வருவார். முதல் வாய் உள்ள போனதும் அழ ஆரம்பிச்சிடுவார். ருசின்னா அதான் சார் ருசி. புதுசா வேலைக்குச் சேர்றவங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து அவரைத்தான் காட்டுவோம்."

அப்போது சக்கரம் உருளும் ஓசை கேட்டது. இறைச்சி ஆலோசகர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். டிராலியில் வெள்ளைத் துணி போர்த்திய துண்டுகள். பின்னால் தட்டுத் தூக்கிக்கொண்டு வந்த பணியாளரிடம், "டேய், தள்ளி நில்லு, அவர் மேல மூச்சு விடாதே" என்றார். பிறகு ஒரு துணியை மெல்ல விலக்கினார்.

"இவர் மலைச்சரிவுல வளர்ந்தவர். காலையில பனிப்புல், சாயங்காலம் வயலின். ஒரு நாள்கூட ஓட விட்டதில்லை. இவருக்கு மனக்கஷ்டம்னா என்னன்னே தெரியாது."

மெக்கானிக் டிராலியில் இருந்தவரை ஏக்கத்தோடு பார்த்தார்.

"இவரை எப்படித் தயார் பண்ணட்டும்? நாங்க சிபாரிசு பண்றது, நெருப்பை லேசாகக் காட்டிட்டு எடுத்துடறது. உள்ள நல்ல சிவப்பு."

டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு நல்லா வேகணுங்க. உள்ள சிவப்பே தெரியக் கூடாது."

இறைச்சி ஆலோசகர் துணியை எடுத்து மறுபடி போர்த்தினார், துணிக்குள் இருப்பவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்பது போல.

"மேடம், இன்னொரு தரம் யோசிச்சுப் பாருங்க."

"பசியில ரெண்டு தரம் யோசிக்க முடியாதுங்க."

ஆலோசகர் தலைமைப் பரிமாறுபவரை அழைத்தார். அவர் டீச்சருக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். சிறு வயதில் ரத்தம் பார்த்துப் பயந்தது உண்டா என்று கேட்டார். பிறகு அவர் செஃபை அழைத்தார். கூடத்தின் நடுவில் இருந்த நெருப்பு மேடையிலிருந்து செஃப் இறங்கி வந்து, உயரமான தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"வேக வெக்கறது யாருக்கும் வரும் மேடம். வேக வெக்காம விடறதுக்குத்தான் படிப்பு வேணும். நான் மூணு நாட்டுல போய்ப் படிச்சது அதைத்தான்."

"என்கிட்டயும் ஒருத்தர் வண்டி கத்துக்க வந்தார்" என்றார் டீச்சர். "பிரேக் போடறது யாருக்கும் வரும், போடாம விடறதுதான் திறமைன்னார். இன்னும் கட்டுப் பிரிக்கலை."

செஃப் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். ஜெனரல் மேனேஜர் வந்துகொண்டிருந்தார். மெக்கானிக்கைக் கண்டதும் முகம் மலர்ந்து, அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டே கூடம் முழுவதற்கும் கேட்கும்படி பேசினார்.

"எங்க கொள்கை ஒண்ணே ஒண்ணு. விருந்தாளி எது கேட்டாலும் நாங்க இல்லைன்னு சொன்னதே கிடையாது. அதனாலதான் அவங்க என்ன கேக்கணும்னு நாங்களே முன்கூட்டி சொல்லிடறோம். சுதந்திரம்னா குழப்பம் இல்லாம இருக்கணும், பாருங்க. மேடமுக்கு நல்லா வெந்ததுதான் வேணும்னா, தாராளமாத் தர்றோம். ஆனா அதைப் பாத்து மத்தவங்க மனசு கஷ்டப்படக் கூடாது. அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தனி மேஜை போட்டிருக்கோம். அங்க உக்காந்து சாப்பிடலாம்."

கூடத்தின் மூலையில், சமையலறைக் கதவையொட்டி, நாணல் பூ வரைந்த உயரமான மரத்தடுப்பு ஒன்று நின்றது. இவ்வளவு நேரமும் அது அலங்காரம் என்றுதான் மெக்கானிக் நினைத்திருந்தார்.

"நீங்க எப்படி சார்?" என்று இறைச்சி ஆலோசகர் மெக்கானிக்கைக் கேட்டார்.

"நம்ம ஆளைக் கேக்கணுமா என்ன?" மேனேஜர் தோளை அழுத்தினார். "அவருக்கு எது சரின்னு தெரியும்."

மெக்கானிக்குக்கு வாழ்நாளில் சிவந்த இறைச்சி இறங்கியதில்லை. தோளில் மேனேஜரின் கை. எதிரே தொப்பி போட்ட செஃப். எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள்.

"உங்க இஷ்டம் சார்" என்றார்.

டீச்சர் அவரைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்த பிறகும் வண்டியை எடுக்காமல் நிற்கும் மாணவனைப் பார்க்கிற பார்வை. அதில் கோபம் இல்லை; அதுதான் தாங்க முடியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நிதானமாச் சாப்பிடுங்க மெக்கானிக் சார்."

தடுப்புக்குப் பின்னால் போய்விட்டார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து, "எனக்கு ஒரு அவசர மீட்டிங்" என்று சொல்லி மறைந்தார்.

மெக்கானிக் இருவருக்கான மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா கண்முன் வந்து போனாள். பிறகு தட்டு வந்தது. விளக்குகள் மங்கின. ஒரு சிறு மணி ஒலித்தது.

"இப்போ அவர் ஓய்வெடுக்கிற நேரம்" என்றார் பரிமாறியவர் தாழ்ந்த குரலில். "நெருப்புகிட்ட இருந்து வந்திருக்கார் இல்லையா, களைப்பு இருக்கும். அவர் ஓய்வு முடியற வரைக்கும் விருந்தாளி பேசக் கூடாது, எழக் கூடாது."

சொன்னவர் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறி நின்றார். கணுக்கால் வீங்கி, ஷூவின் ஓரம் பிதுங்கியிருந்தது.

"நீங்க வேணா கொஞ்சம் உக்காருங்களேன்" என்று மெக்கானிக் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"ஐயோ, எனக்கு எங்க சார் ஓய்வு? மதியத்துல இருந்து டியூட்டி."

தட்டில் இருந்தவர் ஓய்வெடுத்தார். அவரைச் சுற்றிச் சிவப்பாக ஒரு குளம் பரவியது. கூடம் முழுக்க அமைதி. அந்த அமைதியில் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

டீச்சரின் சிரிப்பு. நான்காவது மாடியில் டீ கப்போடு சிரிக்கும் அளவான சிரிப்பு அல்ல. மூச்சு முட்டி, மேஜையைத் தட்டி, நிறுத்த முடியாமல் வரும் சிரிப்பு. கூடவே வேறு சிலரும் சிரித்தார்கள். யாரோ ஒருவர் தடுப்புக்குப் பின்னால் அவரை இப்படிச் சிரிக்க வைக்கிறார். நாளைக்கு அவர் புது ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவார். அங்கேயும் கட்டடங்கள் இருக்கும், லிஃப்டுகள் இருக்கும், அவற்றுக்கு மெக்கானிக்குகளும் இருப்பார்கள்.

மெக்கானிக் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"சார், உக்காருங்க! அவர் ஓய்வுல இருக்கார்!"

"அவர் ஓய்வெடுத்தது போதும். எனக்கு வேலை இருக்கு."

கோட்டுக் கை தட்டில் புரள, நேராக நெருப்பு மேடைக்கு நடந்தார். வழியில் ஒருவர் கையிலிருந்த முள்கரண்டி கீழே விழுந்தது. மெக்கானிக் தட்டை மேடையில் வைத்தார். பேச ஆரம்பித்தபோது அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. அவ்வளவு சத்தம்.

"இதை நல்லா வேக வெச்சுக் குடுங்க. உள்ள ஒரு பொட்டு சிவப்பு இருக்கக் கூடாது. கருகினாலும் பரவாயில்லை. நான் அந்தப் பக்கம் போறேன்."

"உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன் சார்" என்றார் செஃப். "இங்க வெச்சுச் சொல்லாதீங்க."

அதற்குள் பிறந்தநாள் குடும்பத்தின் தலைவர் தட்டோடு வந்து நின்றார். "எங்களுக்கும் அதே மாதிரி. மொத்தம் எல்லாத் தட்டும்." அவர் மனைவி ஏற்கனவே பிள்ளைகளைத் தடுப்புப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மேடை மேல் இன்னொரு தட்டு வந்து உட்கார்ந்தது. வைத்தவர் ஜன்னலோரத்துப் பெரியவர்.

"ஐயா, நீங்களுமா?" செஃபின் குரல் உடைந்தது. "நீங்க ருசியில அழுவீங்களே?"

"பல் வலிக்குதுப்பா" என்றார் பெரியவர். "மெல்ல முடியலை. எல்லாரும் சுத்தி நின்னு பாத்தீங்க. எப்படிச் சொல்றது?"

தடுப்புக்குப் பின்னால் மெக்கானிக் எதிர்பார்த்தது ஒரு மூலையில் ஒரு சின்ன மேஜை. இருந்ததோ கூடத்தில் இருந்ததைவிட நீளமான மேஜை. அதைச் சுற்றிக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆட்கள் சாப்பிட்டார்கள். தண்ணீர் பிளாஸ்டிக் ஜாடியில் இருந்தது. வெல்வெட் பெட்டியில் வராத கத்திகள் நன்றாக வெட்டின. மேஜையின் ஒரு கோடியில் ஒரு தடித்த அம்மாள். அவர் செஃபின் மாமியார் என்று பிறகு தெரிந்தது.

அவருக்குப் பக்கத்தில், டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, நன்கு வெந்த துண்டு ஒன்றைத் தக்காளிச் சாஸில் முக்கிக்கொண்டிருந்தார் ஜெனரல் மேனேஜர். மெக்கானிக்கைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினார்.

"மீட்டிங்" என்றார்.

"தினமும் இதே மீட்டிங்தான்" என்றார் மாமியார். "என் மாப்பிள்ளை அந்தப் பக்கம் பேசற பேச்சு ஒண்ணு, இந்தப் பக்கம் சமைச்சுப் போடறது ஒண்ணு. அவர் வீட்டுல எப்படிச் சாப்பிடுவார்னு இந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு இருந்தேன். முட்டையில மஞ்சக்கரு கொஞ்சம் கொழகொழன்னு இருந்தாலே தட்டைத் தள்ளிடுவார்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். இவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நகர்ந்து இடம் கொடுத்தார். மெக்கானிக் உட்காரவில்லை. உட்கார்ந்தால் யாராவது ஏதாவது ஆலோசனை சொல்ல வந்துவிடுவார்கள்.

"டீச்சர், நாளைக்கு அவங்ககிட்ட வரலைன்னு சொல்லிடுங்க. போகாதீங்க. நாம கல்யாணம் பண்ணிக்கலாம். அதாவது... உங்களுக்குச் சம்மதம்னா. அதைக் கேக்கத்தான் கூட்டிட்டு வந்தேன்."

மேஜை முழுக்கக் கைகள் நின்றன. பிறந்தநாள் குடும்பமும், பின்னால் தட்டோடு வந்த பெரியவரும் அப்படியே நின்றார்கள். டீச்சர் தட்டைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"கேள்வி கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்றார்.

மெக்கானிக்குக்கு உலகமே ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. இந்த முறை யாரும் மணி அடிக்கவில்லை, விளக்கை மங்க வைக்கவில்லை. ஆனாலும் அந்தத் தளத்திலேயே இவ்வளவு உண்மையான அமைதி இதுவரை இருந்திருக்காது. மேனேஜர் வாயில் இருந்ததை விழுங்கப் பயந்தார்.

"ஆறிப்போகுதுடி பொண்ணே, சொல்லிடு" என்றார் மாமியார் பொறுக்க முடியாமல்.

டீச்சர் மெக்கானிக்கின் கோட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். வலது கையை எடுத்து, கோட்டுத் துணியை ஒவ்வொரு மடிப்பாக மேலே சுருட்டினார். கடைசியில் விரல்கள் தெரிந்தன.

"அந்த ஊருக்கு வரலைன்னு இன்னைக்குக் காலையிலயே சொல்லிட்டேன்" என்றார். "எங்க லிஃப்டுக்கு ஒரு கோளாறும் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? கோளாறு இல்லாத லிஃப்டை வாரா வாரம் வந்து பாக்கற ஆளை விட்டுட்டு எங்க போறது?" இன்னொரு கையையும் எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். "முதல்ல சாப்பிடுங்க. என்னங்க, கேக்குதா?"

மேனேஜர் எழுந்து நின்று டையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். பேசும் தோரணை வந்துவிட்டது. "இது எங்க ஸ்டேக் ஹவுஸுக்குக் கிடைச்ச பெருமை! கல்யாண விருந்தை நாங்களே இங்க நடத்தித் தர்றோம். தண்ணீர் ஆலோசகர், கத்திப் பெட்டி, எல்லாம்..."

"எந்தப் பக்கம்?" என்று டீச்சர் கேட்டார்.

மேனேஜர் தடுப்பைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்து கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லிஃப்ட் வாசலுக்கு வந்தபோது அக்காவின் போன் வந்தது. அவள் வணக்கமெல்லாம் சொல்லவில்லை.

"தண்ணி வெக்கறதுக்கு முன்னாடி கேட்டியா?"

"இல்லக்கா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

"கெடுத்தியா! அவ என்ன சொன்னா?"

மெக்கானிக் போனை டீச்சரிடம் நீட்டினார்.

"அண்ணி," என்றார் டீச்சர், "நாங்க கீழதான் வந்துட்டு இருக்கோம். படியில வர்றோம். இந்த லிஃப்ட் கேபிளை இன்னும் மாத்தலையாம்."